சிற்பி இருக்கிறார், வீட்டுக் கடன் இல்லை: படூக்கா நகரத்தை மயிலாடியிலிருந்து பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் படூக்கா என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. ஒஹாயோ ஆறும் டென்னசி ஆறும் சேரும் இடம், மக்கள்தொகை சுமார் 27,000. 2000ஆம் ஆண்டில் அங்கே உள்ளூர் வங்கி ஒன்று, இடிந்து கிடந்த வீடுகளை வாங்கிப் பழுதுபார்க்க ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கடன் கொடுக்கத் தொடங்கியது. வீட்டின் மதிப்பில் 300 சதவீதம் வரை கொடுத்தது. தவணை 30 ஆண்டு, வட்டி மாறாது.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 300 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தால் எந்த வங்கிக்காரருக்கும் முதலில் அச்சுப்பிழை என்றுதான் தோன்றும். நம் பக்கத்தில் 90 சதவீதம் வாங்கவே மேலாளர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். ஆனால் அது அச்சுப்பிழை இல்லை. படூக்காவின் கதையைக் 'கலை ஒரு நகரத்தைக் காப்பாற்றியது' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் கலையைவிடக் கடனும் பத்திரமும்தான் கண்ணில் படுகின்றன. சிற்பிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும், கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியை மனதில் வைத்து அந்தக் கதையைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

படூக்காவில் நடந்தது

படூக்கா ஒரு தொழில் நகரம். ஆற்றுப் படகுப் போக்குவரத்து முதலில் வந்தது. 1920களில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே தன் பெரிய எஞ்சின் பட்டறையை அங்கே கட்டியது. 1937இல் வந்த வெள்ளம் நகரத்தை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவில் உயரமான சுவர் எழுப்பினார்கள். 1952 முதல் யுரேனியம் செறிவூட்டும் ஆலை ஓடியது. நீராவி எஞ்சின் காலம் முடிந்ததும் ரயில்வே வேலைகள் குறைந்தன. கடைகள் ஊருக்கு வெளியே வணிக வளாகங்களுக்குப் போய்விட்டன. நகர மையத்தை ஒட்டிய லோயர் டவுன் என்ற மிகப் பழைய குடியிருப்புதான் இதில் அதிகம் அடிபட்டது. 19ஆம் நூற்றாண்டு வீடுகள் நிறைந்த பகுதி என்பதால் 1982இல் அதைத் தேசியப் பாரம்பரியப் பதிவேட்டில் சேர்த்திருந்தார்கள். பதிவேட்டில் பேர் ஏறியதால் கூரை ஒழுகுவது நின்றுவிடுமா? பெரிய வீடுகள் சின்னச் சின்ன வாடகைக் குடித்தனங்களாகிவிட்டன, வீட்டுக்காரர்கள் அங்கே குடியிருக்கவில்லை, தெருவில் போதைப்பொருள் வியாபாரம் நடந்தது.

அந்தப் பகுதியில் குடியிருந்த ஓவியர் மார்க் பரோன் பொறுமை இழந்து நகராட்சிக்குப் போனார். அங்கே டாம் பார்னெட் என்ற நகரத் திட்டமிடல் அதிகாரி அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். இண்டியானா மாநிலத்தின் ரைசிங் சன் என்ற சிற்றூர் கலைஞர்களை வரவழைக்க முயன்றது இவர்களுக்கு முன்மாதிரி. 2000 ஆகஸ்டில் 'கலைஞர் குடியேற்றத் திட்டம்' தொடங்கியது.

நகராட்சி செய்தவை ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். பாழடைந்த வீடுகளை வாங்கிக் கைவசம் வைத்துக்கொண்டது. சிலவற்றை ஒரு டாலருக்குக் கொடுத்தது. வீட்டைப் பராமரிக்காத உரிமையாளர்கள் மேல் விதிகளைக் கடுமையாக்கியது. கட்டட வடிவமைப்பாளருக்கான செலவில் 2,500 டாலர் வரை ஈடுகட்டியது. ஒரே கட்டடத்தில் குடியிருக்கவும், வேலை செய்யவும், விற்கவும் அனுமதி தந்தது. கலைப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. பின்னால் வெளியான கணக்குகளின்படி நகராட்சி போட்டது சுமார் 30 லட்சம் டாலர், தனியார் பணம் சுமார் 3 கோடி டாலர், வந்து சேர்ந்த கலைஞர்கள் 70 பேருக்கும் மேல்.

வாடகைக்கு இருந்த பழைய குடித்தனக்காரர்கள் எங்கே போனார்கள் என்பது வெற்றிக் கதைகளில் அரை வரியோடு முடிந்துவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தெருவின் மதிப்பு ஏறும்போது யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவருக்குத்தான் லாபம். பத்திரம் இல்லாதவருக்கு வாடகைதான் ஏறும்.

அந்த 300 சதவீதம்

கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. எண்கள் உதாரணத்துக்கு மட்டும். பாழடைந்த வீடு ஒன்றின் சந்தை மதிப்பு 10 லட்சம். அதைச் சரிசெய்ய 20 லட்சம் ஆகும். வாங்கிச் சரிசெய்து முடிக்கும்போது கைவிட்டுப் போனது 30 லட்சம். ஆனால் சுற்றிலும் இடிந்த வீடுகளாக இருந்தால் சரிசெய்த வீட்டை அப்போதும் 15 லட்சத்துக்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். வங்கி மதிப்பீட்டாளரும் அப்படித்தான் எழுதுவார். அதனால் கடன் கிடைக்காது, அதனால் யாரும் சரிசெய்ய மாட்டார்கள், அதனால் தெரு அப்படியே கிடக்கும். உலகத்தில் நலிந்த ஊர்கள் பாதி இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கின்றன.

ஒருவர் மட்டும் துணிந்து 30 லட்சத்தை இறக்கினால் அவருக்கு நஷ்டம். ஒரே தெருவில் முப்பது பேர் ஒரே சமயத்தில் இறக்கினால் கணக்கு மாறிவிடுகிறது. பக்கத்து வீடும் எதிர் வீடும் நிமிர்ந்தவுடன் மதிப்பீட்டாளரின் பேனாவும் வேறு எண்ணை எழுதும். படூக்கா வங்கி இதைப் புரிந்துகொண்டுதான் மதிப்புக்கு மேல் கடன் கொடுத்தது என்பது என் ஊகம். காகிதத்தில் அடமானம் ஒரு வீடு, ஆனால் வங்கி நம்பியது முழுத் தெருவையும். இதைச் செய்ய உள்ளூர் வங்கியால்தான் முடியும். வைப்புத்தொகை அந்த ஊருடையது, வாடிக்கையாளர்கள் அந்த ஊர்க்காரர்கள், ஊர் செத்தால் வங்கியும் சாகும். மும்பையில் தலைமை அலுவலகம் வைத்திருப்பவருக்கு ஒரு தெருவைப் பற்றி இந்தக் கவலை வராது, வரவும் நியாயமில்லை.

கலைஞர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஓவியரும் சிற்பியும் கையால் வேலை செய்பவர்கள், பழைய வீட்டைத் தாங்களே இழைத்துச் சரிசெய்துகொள்வார்கள். வேலைக்குக் கம்பெனி தேடி அலைய வேண்டாம், தொழிலைக் கையோடு கொண்டுவருவார்கள். பெரிய இடம் குறைந்த விலையில் கிடைத்தால் எந்த ஊருக்கும் வருவார்கள். நியூயார்க், சிகாகோ, கலிபோர்னியாவில் வாடகை கொடுத்து மாளாதவர்களுக்குச் சொந்த வீடு என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

வந்தவர்களும் வாங்குபவர்களும்

2008 நிதி நெருக்கடியில் லோயர் டவுன் ஆட்டம் கண்டது. பல கலைக்கூடங்கள் மூடின, சில கலைஞர்கள் ஊரை விட்டுப் போனார்கள். திட்டத்தைத் தொடங்கிய மார்க் பரோனும் பின்னாளில் லூயிவில் நகரத்துக்குக் குடிபோய்விட்டார். வீட்டு வாசலில் படம் மாட்டி வைத்து யாராவது வந்து வாங்குவார்கள் என்று காத்திருந்தால் 27,000 பேர் கொண்ட ஊரில் எத்தனை பேர் வருவார்கள்? கலைஞரை வரவழைப்பது ஒரு வேலை, வாங்குபவரை வரவழைப்பது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலைக்குக் கடன் கொடுத்தால் போதும். இரண்டாவதற்குப் படூக்காவிடம் விடை இருந்தது, ஆனால் அது இந்தத் திட்டத்துக்கு முன்பே இருந்தது.

குவில்ட் என்பது துண்டுத் துணிகளை ஒட்டுத் தையல் போட்டுச் செய்யும் மெத்தைப் போர்வை. அமெரிக்கக் கிராமத்துப் பெண்களின் கைவேலை. 1984இல் படூக்காவைச் சேர்ந்த ஒரு தம்பதி அமெரிக்கக் குவில்ட் தையல்காரர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு முதல் பெரிய கண்காட்சி, 1991இல் குவில்ட் அருங்காட்சியகம். கண்காட்சி வாரத்தில் ஆயிரக்கணக்கில் வந்து குவிவார்கள், அறைகள் கிடைக்காது. 2013இல் யுனெஸ்கோ படூக்காவைக் கைவினை, நாட்டார் கலைகளுக்கான படைப்பூக்க நகரமாக அறிவித்தபோது அந்தப் பட்டத்துக்கு அடித்தளமாக இருந்ததும் இதுதான். யுரேனியம் ஆலையில் செறிவூட்டும் வேலை நின்றதும் அதே ஆண்டில்.

குவில்ட் வாரத்துக்கு வருபவர்கள் வேடிக்கை பார்க்க வருபவர்கள் இல்லை. அவர்களே தைப்பவர்கள். துணி வேண்டும், நூல் வேண்டும், புது மெஷின் பார்க்க வேண்டும், அடுத்தவர் எப்படித் தைத்திருக்கிறார் என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வாங்கியே ஆக வேண்டியவர்கள். அவர்களுக்கும் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, ஒரு சங்கு மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறும் சுற்றுலாப் பயணிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இனி மயிலாடி

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, பிரதான சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கும் பேரூராட்சி மயிலாடி. நடந்தாலே பட்டறைகள் தெரியும். சாலையோரம் பாதி செதுக்கிய பிள்ளையார், முகம் மட்டும் வந்த அம்மன், கை இன்னும் கல்லுக்குள் இருக்கும் முருகன், கட்டிங் மெஷின் சத்தம், பக்கத்துச் செடிகளில் வெள்ளைத் தூசி. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் வேலைக்கு வந்த சிற்பிகள் இங்கே தங்கிவிட்டார்கள் என்பது ஊரில் சொல்லப்படும் வரலாறு. மயிலாடிக் கற்சிற்பங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த ஊருக்கு ஒரு ராசி உண்டு. 1806இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே வந்து பணி தொடங்கியது இங்கேதான். 1809இல் தேவாலயம் எழுந்ததும் இங்கேதான், ஆங்கிலப் பள்ளி ஆரம்பித்ததும் இங்கேதான். 1818 வாக்கில் மிஷனும் பள்ளியும் நாகர்கோவிலுக்கு நகர்ந்துவிட்டன. அந்தப் பள்ளியின் வழித்தோன்றல்தான் இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. மயிலாடி விதை போடும், நாகர்கோவில் அறுவடை செய்யும்.

கல் வேலை மட்டும் போகவில்லை. ஆனால் அடுத்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. உளி பிடித்த அப்பாவின் பையன் இன்ஜினியரிங் படித்து பெங்களூரோ வளைகுடாவோ போய்விடுகிறான். அதில் தப்பு காண எனக்கு மனமில்லை. கல் தூசியை வாழ்நாள் முழுக்க மூச்சில் இழுத்த அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்வான்? கருங்கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாகும். சிலிகோசிஸ் என்பார்கள், குணப்படுத்த முடியாது. உளி காலத்தைவிட மெஷின் காலத்தில் தூசி நுண்மையானது, அளவிலும் அதிகம். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் பெருமளவு குறையும். பல பட்டறைகளில் வாயில் கட்டும் துண்டுதான் இன்னும் பாதுகாப்புக் கவசம்.

அதனால் படூக்கா போட்ட கேள்வியை மயிலாடியில் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அங்கே கலைஞர்கள் அதிகம் இல்லாத தெருவுக்குக் கலைஞரைக் கூட்டிவந்தார்கள். இங்கே கலைஞர் இருக்கிறார், ஆனால் அவரை யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. வங்கியில் பேச்சு இப்படித்தான் போகும்:

"என்ன தொழில்?"

"சிலை செய்யுதேன் சார்."

"வருமானத்துக்கு என்ன சான்று வச்சிருக்கீங்க? ஐ.டி. ரிட்டர்ன் உண்டா?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். படிவத்தில் 'கூலி' என்று எழுதுவார்கள். வெளிநாட்டுக் கோயிலுக்கு ஆறடி மூலவர் செதுக்கி அனுப்பியவரும் கூலி, மண் சுமப்பவரும் கூலி.

வெளியிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும் என்றே நினைக்கிறேன். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி, கும்பகோணத்திலும் சென்னையிலும் உள்ள கவின்கலைக் கல்லூரிகள், இரண்டு மணி நேரத் தொலைவில் திருவனந்தபுரத்துக் கல்லூரி, இவற்றிலிருந்து ஆண்டுதோறும் சிற்பம் படித்தவர்கள் வெளியே வருகிறார்கள். படித்து முடித்த கையோடு அவர்கள் இழப்பது இடத்தைத்தான். இரண்டு டன் கல்லை வாடகை ஃபிளாட்டின் மொட்டை மாடியில் ஏற்ற முடியாது. மயிலாடியில் கல் இறக்க ஆள் உண்டு, தூக்க கிரேன் உண்டு, உளிக்கு முனை தட்டித்தர ஆள் உண்டு, கல்லைத் தட்டிப் பார்த்து ஓசையிலேயே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லும் முதியவர்களும் உண்டு. இந்த அறிவு கல்லூரியில் கிடைக்காது. படித்து வருபவருக்கு வரைபடம் போடத் தெரியும், கண்காட்சி தெரியும், கட்டடக் கலைஞரிடம் விலை பேசத் தெரியும். உள்ளூர்ப் பட்டறைக்கு அது இல்லை. ஒரே தெருவில் இருவரும் இருந்தால் யார் யாருக்கு ஆசான் என்று தினமும் சண்டை வரலாம். வரட்டும்.

133 அடி வள்ளுவர் சிலை வேலை 1990இல் தொடங்கி 2000 ஜனவரி 1 அன்று திறப்பு விழாவில் முடிந்தது. கணபதி ஸ்தபதி தலைமையில் கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சோழிங்கநல்லூர் ஆகிய இடங்களில் பணிக்கூடங்கள் போட்டுக் கல் செதுக்கினார்கள். அவ்வளவு பெரிய வேலை கன்னியாகுமரியில் நடந்து முடிந்தபிறகு, அதன் பேரில் நிரந்தரமான ஒரு பணிக்கூடமோ பயிற்சி இடமோ பக்கத்தில் நிலைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

படூக்கா இங்கே பொருந்தாத இடங்கள்

முதல் தடை நிலம். அங்கே வீடு மலிவு, ஆள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலோ சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல். நிலத்தை ஏக்கரில் பேசுபவர் எஸ்டேட்காரர் மட்டும்தான், மற்றவர்களுக்கெல்லாம் சென்ட் கணக்கு. வளைகுடாப் பணம் விலையை ஏற்றி வைத்திருக்கிறது. ஆனாலும் ஊருக்கு ஊர் பூட்டிய ஓட்டு வீடுகள் உண்டு. அவை பூட்டிக்கிடப்பது விலை போகாததால் இல்லை, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஒன்று சேராததால். தாத்தா பெயரில் பட்டா, வாரிசு ஒன்பது பேர், ஒருவர் மஸ்கட்டில், ஒருவர் கொல்லத்தில், ஒருவர் மற்ற எட்டுப் பேரோடும் பேசுவதில்லை. படூக்கா நகராட்சி பாழடைந்த வீடுகளை வாங்கியது. இங்கே பாகப்பிரிவினையில் மூழ்கிய வீடுகளை மீட்க வேண்டும்.

அடுத்தது ரிசர்வ் வங்கி விதி. வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், அதற்குமேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும்மேல் 75 சதவீதம். மதிப்புக்கு மேல் கொடுக்க எந்த மேலாளருக்கும் அதிகாரமில்லை. பத்திரச் செலவு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பொதுவாக இதையும் கடன் கணக்கில் சேர்க்க முடியாது, கையிலிருந்து போட வேண்டும். இளம் சிற்பி இங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

இருந்தாலும் வேறு வாசல் ஒன்று உண்டு. வீட்டையும் பட்டறையையும் ஒரே கடனாகப் பார்க்காமல் பிரித்துவிட வேண்டும். குடியிருக்கும் பகுதிக்கு வீட்டுக் கடன். பட்டறை, மெஷின், தண்ணீர்க் குழாய், தூசி உறிஞ்சி ஆகியவற்றுக்கு உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொண்டு குறுந்தொழில் கடன். குறுந்தொழில் கடனில் ஒரு வரம்பு வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி, அதற்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கிளையில், ஒரே நாளில், ஒரே ஆளுக்குக் கொடுத்தால் படூக்காவின் 300 சதவீதம் வராது. ஆனால் பழைய வீட்டின் மதிப்பைத் தாண்டிய தொகை ஒன்று சட்டப்படியே கைக்கு வரும். நடைமுறையில் இரண்டு கடனையும் இரண்டு மேசை பார்க்கும், ஒரு மேசை மறுத்தால் இன்னொன்றும் மறுக்கும். இதை உடைப்பது மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்றில் முடிகிற காரியம்.

மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் நல்ல திட்டம்தான். 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் என்ற கணக்கில் 50,000 வரை மானியம், வட்டியிலும் சலுகை. பட்டறையில் மெஷின் மாற்ற உதவும். ஆனால் வயது 35 ஆகியிருக்க வேண்டும். கல்லூரி முடித்து 24 வயதில் ஊருக்கு வருபவர் பதினொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் மின்சாரம். வீட்டு இணைப்புக்கு ஒரு அளவு வரை யூனிட் இலவசம், பட்டறைக்கு வேறு கட்டண வகை. வீட்டுத் திண்ணையில் கிரைண்டர் ஓட்டினால் ஆய்வுக்கு வருபவர் எந்த வகையில் எழுதுவார் என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. ஒரே கட்டடத்தில் குடியிருந்து, வேலை செய்து, விற்கலாம் என்று படூக்கா எழுதிக் கொடுத்தது எவ்வளவு பெரிய உதவி என்று இந்த இடத்தில்தான் புரியும். ஆனால் கல்லுக்கு அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓவியர் வீட்டுக்குள் வரையலாம். குழந்தை தூங்கும் வீட்டில் கருங்கல் அறுக்கக் கூடாது. அறுப்பும் முரட்டு வேலையும் ஊர் ஓரத்தில், தண்ணீர் வசதியுள்ள பொதுக் கொட்டகையில். நுணுக்க வேலையும் விற்பனையும் வீட்டில். இப்படிப் பிரிப்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

மேற்கே அண்டி ஆபீஸ்கள், வடசேரியில் நகை

மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மார்த்தாண்டம், கருங்கல் ஆகிய ஊர்களின் வட்டாரத்தில் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பல மூடிவிட்டன. உயரமான கூரை, நீண்ட கொட்டகை, கொட்டை காயப்போடும் பெரிய களம். படைப்புக் கூடத்துக்கு இதைவிட நல்ல கட்டடம் கேட்க முடியாது. சரி, அதில் கலைக் கண்காட்சி வைத்தால் போதுமா?

2021இல் ஆலப்புழையில் கயிறு வணிகக் கட்டடங்களையும் கிடங்குகளையும் 'லோகமே தறவாடு' என்ற பெரிய கண்காட்சிக்காகத் திறந்தார்கள். 260க்கும் மேற்பட்ட மலையாளி கலைஞர்கள் பங்கேற்றார்கள். கட்டடங்கள் எவ்வளவு அழகு என்று ஊருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் கண்காட்சி முடிந்தால் கலைஞர் ரயிலேறிவிடுவார், மளிகைக் கடைக்காரருக்கு அடுத்த மாதம் பழைய வியாபாரம்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆடம்ஸிலும் இதே பாடம். 1985இல் மூடிய மின்கருவித் தொழிற்சாலை 1999இல் மாபெரும் கலை அருங்காட்சியகமாகத் திறந்தது. பார்க்க வருபவர்கள் காரில் வந்து காரில் போய்விடும் ஊரில் ஆலை வேலைகளுக்கு ஈடு கட்ட அருங்காட்சியகம் ஒன்றால் ஆகவில்லை.

சொந்த நிலம் என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சோழமண்டலம் கலைஞர் கிராமம் இருக்கிறது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கிக் குடியேறினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணத்தில் வாங்கிய நிலம். சொந்தம் என்பதால் இன்றும் நிற்கிறது. ஆனால் அவர்கள் போனது ஆளில்லாத மணல்வெளிக்கு, நலிந்த ஓர் ஊரைத் தூக்கி நிறுத்தும் எண்ணம் அதில் இல்லை.

வாங்குபவர் விஷயத்தில் படூக்காவிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது குவில்ட் வாரத்தை. நம்மிடம் அதற்கு இணையான பொருள் வடசேரி கோயில் நகை. வெள்ளியில் பொன் முலாம் போட்டு, சிவப்புக் கெம்புக் கல் பதித்து, பரதநாட்டியக்காரர்கள் தலைசாமானாகவும் ஒட்டியாணமாகவும் போட்டுக்கொள்வது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. உலகம் முழுக்க எங்கே அரங்கேற்றம் நடந்தாலும் இந்த நகை வேண்டும். நடன ஆசிரியர்களும் மாணவிகளும் வாங்கியே ஆக வேண்டியவர்கள். அவர்கள் இப்போது வாங்குவது பெரும்பாலும் வேறு நகரக் கடைகளில், செய்தவர் முகம் தெரியாமல். மார்கழிக் கச்சேரிக் காலத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் ஆண்டுக்கொரு வாரம் நடனக்காரர்களுக்கென்றே ஒரு சந்தை, பட்டறையில் உட்கார்ந்து கல் பதிப்பதைப் பார்க்கலாம், அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்றால் வருவார்கள். அதே வாரத்தில் கோயில் திருப்பணிக் குழுக்காரர்களை மயிலாடிக்கு அழைக்கலாம். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தில் நடக்க வருபவர்களை நம்பிக் கல் பட்டறை நடத்த முடியாது. அவர்கள் பையில் ஐந்து கிலோ கல்லுக்கு இடமில்லை.

பத்து வீட்டுக் கணக்கு

முயன்று பார்ப்பதென்றால் ஊர் முழுக்க வேண்டாம், மயிலாடியில் ஒரு தெரு போதும். பத்து வீடு. ஐந்து உள்ளூர்ச் சிற்பிகளுக்கு, ஐந்து வெளியிலிருந்து வருபவர்களுக்கு. உள்ளூர்க்காரருக்குப் பாதி கொடுக்காவிட்டால் முதல் மாதத்திலேயே கொடி பிடிப்பார்கள், பிடிக்க வேண்டியதும்தான். வீடு ஒன்றுக்கு வீட்டுக் கடனும் தொழில் கடனும் சேர்த்து 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விற்றால் தேறும் மதிப்பு 12 லட்சம். மதிப்பைத் தாண்டிய 13 லட்சத்துக்கு யாராவது உத்தரவாதம் தர வேண்டும். பத்து வீட்டுக்கு 1.3 கோடி. அது செலவில்லை, உத்தரவாதம் மட்டும். பத்தில் மூன்று கடன் முழுக்க மூழ்கினாலும் நஷ்டம் 39 லட்சம். கண்ணாடிப் பாலத்துக்கு ஆன செலவு 37 கோடி. பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அளவுக்குச் சொல்கிறேன்.

கடனுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குப் பணம் பெரிதாக வேண்டாம், ஆள் வேண்டும். படூக்காவில் பார்னெட்டும் பரோனும் ஆண்டுக்கணக்கில் அதே நாற்காலியில் இருந்து ஒவ்வொரு கலைஞரிடமும் பேசினார்கள். நம் பேரூராட்சியில் செயல் அலுவலர் ஊரின் தெருப் பெயர்களைப் பழகுவதற்குள் மாறுதல் ஆணை வந்துவிடும். அதனால் பொறுப்பை அந்த நாற்காலியில் வைக்காமல், மாவட்டத் தொழில் மையத்தில் மூன்று வருஷம் மாற்ற மாட்டோம் என்ற உறுதியோடு ஒருவரை உட்கார வைக்க வேண்டும். அவரோடு ஒரு வக்கீல், ஒரு சர்வேயர். முதல் ஆறு மாதம் அவர்களுக்குக் கலையோடு எந்தச் சம்பந்தமும் இருக்காது. பூட்டிய வீடுகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் 30 ஆண்டு வில்லங்கச் சான்று, வாரிசுகளின் தொலைபேசி எண், யார் விற்கத் தயார், யார் நீண்ட காலக் குத்தகைக்கு மட்டும் தயார், மஸ்கட்டில் இருப்பவரிடமிருந்து தூதரகம் வழியாக பவர் பத்திரம் வாங்க எத்தனை நாள். பத்து வீடு தேற நாற்பது வீட்டின் காகிதத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதில் மூன்று நான்கு வீடுகள் பட்டறைக்காரர்களின் சொந்தக்காரர்களுடையதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சுலபம்.